ஐஸ் டீயும் இருநூறு பொய்ப் படிவங்களும்

"கொழுந்து பறிக்கிற வீட்டுப் பொண்ணுக்கு ஐஸ் டீயைப் பத்தி என்னம்மா தெரியும்?"

எங்கள் மேலாளர் கோபிநாத் சார் இதைக் கேட்டபோது கோயம்புத்தூர் அலுவலகத்தின் கூட்ட அறையில் அவரையும் என்னையும் தவிர ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் சிரித்தார்கள். அவர் கேலியாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவருக்கு உண்மையாகவே சந்தேகம். அதுதான் எனக்கு எரிந்தது.

நான் வால்பாறையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவரும் சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைப்பவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பொள்ளாச்சியில் பட்டமும் வாங்கினேன். அதை நான் அடக்கத்தோடு சொல்வதில்லை. கோயம்புத்தூரில் ஒரு தேயிலைக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்திருந்தது.

கம்பெனி ஓர் இயந்திரம் கொண்டுவந்திருந்தது. டீத்தூளும் சர்க்கரையும் எலுமிச்சை வாசனையும் கலந்த பொடியை மேலே கொட்டித் தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அழுத்தினால் கீழே டம்ளரில் குளிர்ந்த டீ விழும். கடைக்காரர் அதில் ஐஸ் போட்டுக் கொடுக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் ஐந்து கடைகளில் ஒரு மாதமாக வைத்திருந்தார்கள். மக்கள் அதை எப்படிக் கேட்கிறார்கள், எப்படிக் குடிக்கிறார்கள் என்று விசாரித்துப் படிவங்கள் நிரப்பி அறிக்கை எழுத ஓர் ஆள் போக வேண்டும். ஏப்ரல் வெயிலில் போக அந்த ஐந்து பேரில் ஒருவரும் தயாராக இல்லை. அதனால் நான். அறிக்கை ஏற்கப்பட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை மதியம் திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு விடுதி அறையில் பையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்டேன். ரோஜா நிறத்தில், ஆவி பறக்க ஒரு டம்ளர் வந்தது. பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீராம். பச்சைத் தண்ணீர் கேட்டேன். பரிமாறியவர் மீசை நரைத்த மனிதர். நான் விஷம் கேட்டதுபோல் என்னைப் பார்த்தார். வெளியே தார் உருகுகிறது, உள்ளே எல்லா மேசையிலும் ஊதி ஊதி வெந்நீர் குடிக்கிறார்கள். சோறு ஒவ்வொன்றும் பருத்த சிவப்புப் பருக்கை. மீன் குழம்பை மட்டும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

சாப்பிட்டு முடித்து, என் வேலையை அங்கேயே தொடங்கிவிடலாம் என்று ஐஸ் டீ கேட்டேன். உள்ளே போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். ஒரு கையில் கொதிக்கும் பால் டீ. இன்னொரு கையில் ஒரு கிண்ணம் நிறைய ஐஸ்.

"இது என்ன?" என்றேன்.

"ஐஸும் டீயும்தானே சேச்சி கேட்டது?" என்றார் மலையாளத்தில்.

பக்கத்து மேசைக்காரர் தன் மனைவியிடம், "தொண்டை போகும். பார்த்துக்கொண்டே இரு," என்றார். வால்பாறையில் பாதிக் கடை மலையாளிகளுடையது, எனக்கு அந்தப் பேச்சு புரியும் என்று அவருக்குத் தெரியாது. கடை முழுவதும் வேடிக்கை பார்க்க, வீம்புக்கு ஐஸை டீயில் கொட்டிக் குடித்தேன். கழுநீர் போல இருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் மீட்டரில் காட்டியதைத்தான் வாங்கினார். மிச்சச் சில்லறையையும் எண்ணிக் கொடுத்தார். கோயம்புத்தூரில் மீட்டர் என்ற சொல்லைச் சொன்னாலே சண்டைக்கு வருவார்கள். அந்த நாளில் மீன் குழம்பைத் தவிர என்னால் கோபப்பட முடியாமல் போன ஒரே விஷயம் அதுதான்.

மாலையில் கம்பெனியின் உள்ளூர் முகவர் வேணு விடுதி வரவேற்பறைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோல் பை. பல வருடம் நாகர்கோவில் வியாபாரிகளோடு பழகிய தமிழ்.

"மோளே, ஒண்ணும் டென்ஷன் வேண்டா. ஃபாரம் இருநூறும் நான் ரெடியாக்கிட்டுண்டு. நீ கோயிலைப் பாரு, கோவளம் போ, கடல்ல காலை நனை. சனிக்கிழமை வந்து ஒரு ஒப்பு, அதான் கையெழுத்து, போட்டாப் போதும்," என்று ஒரு கட்டுத் தாள்களை மேசைமேல் வைத்தார்.

ஒவ்வொரு தாளாகத் திருப்பினேன். இருநூறு பேருக்கும் ஒரே நீல மை. சரி போட்ட குறியின் வால் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி வளைந்திருந்தது. எல்லோரும் ஐஸ் டீ குடிக்கிறார்கள். எல்லோருக்கும் எலுமிச்சை வாசனை பிடிக்கிறது. பெயரோடு டீச்சர் என்று எழுதியிருந்த எழுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர் வாரத்தில் ஏழு நாளும் ஐஸ் டீதான் குடிக்கிறாராம்.

"யார் சார் இவங்ககிட்டப் போய்க் கேட்டது?"

"கேக்கணும்னு என்ன இருக்கு? இருபத்தஞ்சு வருஷமா இந்த ஊர்ல சர்வே எடுக்கறேன். எனக்கு அறியாத்த ஆளுகளா?"

"அப்போ நான் எதுக்கு வந்தேன்?"

"அது உங்க கம்பெனிகிட்டக் கேக்கணும் மோளே," என்று சிரித்தார்.

நான் அந்தத் தாள்களை அவர் பக்கமே தள்ளினேன். வெற்றுப் படிவங்களை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் கடைக்குப் போனேன். தலைமைச் செயலகத்துக்குப் பின்னால் ஒரு சந்து. கடைக்காரர் பெயர் சுடலைமுத்து. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாக அங்கே டீ போடுகிறவர். எங்கள் இயந்திரம் மூலையில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடிக் கிடந்தது. உறைமேல் ஒரு வாழைத்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. பெயர்கூடச் சொல்லாமல், "இப்படி மூடி வச்சா எப்படி விக்கும்? உங்களுக்கெல்லாம் சும்மாவா மெஷின் குடுத்தாங்க?" என்று கத்தினேன். குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சுடலைமுத்து ஆற்றிக்கொண்டிருந்த டீயை ஆற்றி முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். "தங்கச்சிக்கு எந்த ஊரு?"

"வால்பாறை."

"தேயிலைக்காரி. அதான் சூடு." தாரை இறக்கி வைத்து உறையை உருவினார். இயந்திரம் பளபளவென்று துடைத்த நிலையில் இருந்தது. "தெனமும் தொடைக்கேன் கேட்டியா. தூசி படாண்டாம்னு மூடி வச்சேன். இந்தப் பக்கம் வா. பொடி இருக்கு, தண்ணி இருக்கு, ஐஸ் வருது. நீயே நின்னு வித்துக் காட்டு. நான் வாயத் தொறக்கல."

பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை இயந்திரத்துக்குப் பின்னால் நின்றேன். அந்த மூன்று மணி நேரத்தில் கற்றதை எந்தப் படிவத்தாலும் கற்றிருக்க முடியாது.

அலுவலகத்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் டீக்கடையில் எண்ணிக்கைதான் சொல்வோம். "அண்ணே, மூணு டீ." மீதியை டீ போடுகிறவர் முடிவு செய்வார். இங்கே ஒருவரும் எண்ணிக்கை சொல்லவில்லை. ஒருவருக்குக் கடுப்பம் கூட்டி, அதாவது சாயம் அழுத்தமாக, மதுரம் குறைத்து. அடுத்தவருக்குப் பால் குறைத்து, ஆற்றாமல், நுரை இல்லாமல். இன்னொருவருக்குச் சர்க்கரையே இல்லாமல், ஆனால் இரண்டு முறை ஆற்றி. ஒரு பெண் அதிகாரி பால் இல்லாத கட்டன் சாயா அரை டம்ளர் கேட்டு, டம்ளரை வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்த்து, "கொஞ்சம் தண்ணீர்," என்று திருப்பிக் கொடுத்தார். சுடலைமுத்து முகம் சுளிக்காமல் திருத்திக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் அவரவர் டீ.

நான் கூவிக் கூவி அழைத்ததில் கனமான ஒரு மனிதர் என் பக்கம் வந்தார். "எனக்கு மதுரம் பாதி," என்றார்.

"சர்க்கரை அதுலயே கலந்திருக்கு சார்."

"அப்படியானால் கடுப்பம் கொஞ்சம் கூட்டி."

"அதுவும் கலந்ததுதான் சார்."

அவர் இயந்திரத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதற்குக் காது இல்லை," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இருவரும் பால் டீக்குப் போய்விட்டார்கள்.

இலவசம் என்று சொல்லிப் பார்த்தேன். சிலர் டம்ளரை நீட்டினார்கள். டீ விழுந்தது. நான் இடுக்கியில் ஐஸை எடுத்ததும் முதல் ஆள் உள்ளங்கையால் டம்ளரின் வாயை மூடிக்கொண்டார். அடுத்தவரும் அதையே செய்தார். அதற்கடுத்தவரும். கை தானாகப் போய் மூடிக்கொண்டது.

"என்ன அண்ணாச்சி, எல்லாரும் கையை வைக்கிறாங்க?"

சுடலைமுத்து சாலைப் பக்கம் கைகாட்டினார். மூன்று சக்கர வண்டியில் சாக்கும் உமியும் சுற்றிய ஐஸ் கட்டிகள் வந்திருந்தன. ஒரு கட்டி எங்கள் கடை வாசலில் இறங்கியது. மீதி அதே வண்டியில் மீன் சந்தைக்குப் போனது.

"இது மாதிரிக் கட்டியிலதான் காலையில அயலை மீன் ஒறங்கி எந்திரிச்சுது. இந்த ஊர்க்காரனுக்கு ஐஸைக் கண்டா மீன் ஞாபகம்தான் வரும். ஃப்ரிட்ஜ்ல வச்ச குப்பின்னா குடிப்பான். ஐஸ் மட்டும் இடப்படாது. ஒங்க கம்பெனி அதக் கேக்கவே இல்லையே. கேட்டா நான் சொல்லியிருப்பேன் அல்லே?"

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். எந்த வாசனை பிடிக்கும் என்று கேள்வி இருக்கிறது. டம்ளரின் நிறம் பற்றிக்கூட இருக்கிறது. ஐஸ் வேண்டுமா என்று ஒரு கேள்வி இல்லை. கூட்ட அறையில் குளிர்சாதனத்தின் கீழே உட்கார்ந்து அதைத் தயாரித்தவர்களுக்கு ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

"காலையில கத்தினதுக்கு மன்னிச்சுக்கோங்க," என்றேன்.

"விடு தாயி. வித்தது எத்தன?"

"காசு குடுத்து வாங்கினது மூணு."

"எனக்கு ஒரு மாசத்துல அவ்வளவு வரல. நீ கெட்டிக்காரிதான்."

புதன்கிழமை நெடுமங்காட்டுக் கடைக்குப் புறப்பட்டேன். பேருந்தில் பலகை மலையாளத்தில். நடத்துநரிடம் இரண்டு முறை கேட்டு ஏறினேன். பிறகு ஜன்னல் காற்றில் தூங்கிப்போனேன். விழித்தபோது பேருந்து காலி. ஓட்டுநர் இறங்கிப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"நெடுமங்காடு?" என்றேன்.

"அது ஒரு மணி நேரம் முன்னால் போயிற்று. இது விதுரா, மலையடிவாரம்," என்றார் நடத்துநர். "எழுப்பவில்லையே," என்றதற்கு, "பெண்கள் தூங்கினால் எழுப்பும் வழக்கம் எனக்கு இல்லை," என்றார் மிக மரியாதையாக. திட்டவும் முடியாத பதில்.

திரும்பும் பேருந்துக்கு நேரமிருந்தது. சந்தைத் தெருவில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். சற்று நேரத்தில் மேலே மலைத் தோட்டத்திலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. ஐந்து பெண்கள் இறங்கினார்கள். பேச்சைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. தமிழ். விரல் நுனியில் தேயிலைக் கறை. அம்மாவின் விரல்களில் இருப்பது அதே கறைதான்.

கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. அடுப்பிலிருந்து தள்ளி மூடி வைத்திருந்த அலுமினியப் பானையைத் திறந்தார். காலையிலேயே போட்டு ஆற வைத்த கட்டன் சாயா. ஐந்து டம்ளரில் மொண்டு ஊற்றி, உப்புக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தார். அவர்கள் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மடக் மடக்கென்று குடித்தார்கள். இரண்டாவது டம்ளரைப் பிளாஸ்டிக் குப்பிகளில் ஊற்றிக்கொண்டார்கள். கடையிலிருந்த மலையாளிகள் யாரும் அந்தப் பானையைக் கேட்கவில்லை. அது மேலே இருப்பவர்களுக்கு என்று வைத்தது.

நான் என்னைச் சொல்லிக்கொண்டு படிவத்தை எடுத்தேன். அவர்களில் மூத்தவர் பெயர் செல்லத்தாய்.

"ஐஸ் போட்ட டீயா? பல்லு கூசுமே பிள்ள."

"சரி, ஐஸ் இல்லாம குளுந்த டீ குடிப்பீங்களா?"

"இப்பக் குடிச்சது என்ன, கொதிக்கிற கஞ்சியா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "ஆறிப்போன சாயத்துக்கு மெசினு வச்சு, அதக் கேக்க ஒரு ஆள பஸ்ஸு ஏத்தி அனுப்பிருக்கான் பாரு. எங்க கங்காணியே பரவால்ல," என்றாள். செல்லத்தாய் அவளை அதட்டிவிட்டு, "நீ எழுது பிள்ள. வெயில்ல நிக்கறப்ப சூடா குடிச்சா மயக்கம் வரும். ஆறினது, உப்புப் போட்டது, தெனம் நாலு வாட்டி. அப்பிடியே எழுது," என்றார்.

எழுதினேன். தொழில் என்ற இடத்துக்கு வந்தேன். அதிகாரி, வியாபாரி, மாணவர், இல்லத்தரசி, இதரர் என்று ஐந்து கட்டங்கள். கொழுந்து பறிப்பவருக்குக் கட்டம் இல்லை. இதரர் என்பதில் குறி போட்டேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்ததை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். இதரர் படிவங்களைக் கூட்டலில் சேர்க்க வேண்டாம்.

அந்த வரியின் அடியில் பேனாவால் கோடு போட்டேன். குளிர்ந்த டீயைத் தினமும் நான்கு முறை குடிக்கும் மனிதர்களை மூன்று நாளாகத் தேடி அலைகிறேன். கண்டுபிடித்துவிட்டேன். அவர்களை எண்ணக் கூடாது என்று கம்பெனி முதலிலேயே முடிவு செய்துவிட்டது. இந்தத் தாளை யாராவது எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் என் அம்மாவும் இதரர். அவர் பறித்த இலையில் போட்ட டீயைப் பற்றிச் சொல்ல அவருக்குக் கட்டம் இல்லை. ஐந்து படிவங்களையும் முழுமையாக நிரப்பினேன். திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்காரவில்லை, தூங்கவும் இல்லை.

வியாழக்கிழமை காலை, பெரிய கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருவில் கதவு தட்டினேன். ஒரு மாமி வாசலிலேயே நிறுத்தி, "டீயா? எங்காத்துல காப்பியாக்கும். ஆறினா அதையும் கொட்டிடுவோம்," என்று சொல்லி, ஆனால் வெயிலில் வந்தவளைச் சும்மா அனுப்பாமல் ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். படிவத்தில் மோருக்கும் கட்டம் இல்லை.

பிறகு ஒரு கல்லூரி வாசல் கடை. இங்கே மட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மாணவிகள் ஒரு டம்ளர் வாங்கி இரண்டு குழல் போட்டு உறிஞ்சினார்கள். கோபிநாத் சார் கனவு காணும் கூட்டம் இதுதான். "பிடிச்சிருக்கா?" என்றேன். "இருமல் மருந்து போல இருக்கு சேச்சி. ஆனா இங்க கொஞ்ச நேரம் நிக்கலாமே," என்றாள் ஒருத்தி. எதிரே ஆண்கள் விடுதி. அந்த மாணவிகளும் ஐஸைக் குழலால் ஒதுக்கி ஓரத்தில் கொட்டினார்கள்.

மதியம் சுடலைமுத்துவின் கடையில் இயந்திர டீயைக் கேனில் நிறைத்துக்கொண்டேன். யோசனை அவருடையது. "கரமனையில கட்டடம் கட்டுதானுவ. எல்லாம் நம்ம பக்கத்துப் பயலுவ. அங்க கொண்டு போ. கேட்டுக் குடிக்கானா கேக்காமக் குடிக்கானான்னு பாரு."

கேட்காமல் குடித்தார்கள். நாங்குநேரி, களக்காடு, மார்த்தாண்டம் என்று பல ஊர் ஆட்கள். டம்ளரை நீட்டினார்கள், ஐஸோடு வாங்கினார்கள், அண்ணாந்து ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டார்கள். யாரும் கையால் மூடவில்லை. கேன் கால் மணி நேரத்தில் காலி.

ஒரு கொத்தனாரிடம், "எப்படி இருக்கணும் அண்ணாச்சி? இனிப்பு கம்மியா? கடுப்பமா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் திகைத்தார். "எப்படி இருந்தாலும் சரிதான். நேரத்துக்கு வந்தாப் போதும்." பிறகு யோசித்து, "இதெல்லாம் எங்ககிட்ட யாரும் கேட்டதில்ல பாத்துக்க," என்றார். இன்னும் யோசித்து, "உப்புப் போட்டா நல்லாருக்கும்," என்றார்.

வெள்ளிக்கிழமை ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கோபிநாத் சாரைக் கூப்பிட்டேன். கண்டதை வரிசையாகச் சொன்னேன். திருவனந்தபுரத்தில் டீ குடிப்பவர் ஒவ்வொருவரும் தன் டீயைச் சொல்லித்தான் வாங்குகிறார். சொன்னால் கேட்காத இயந்திரம் இங்கே ஓடாது. ஐஸை யாரும் நம்பவில்லை. வேணுவின் படிவங்கள் அவரே எழுதியவை.

"அவர் அந்த ஊர்க்காரர்மா. அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சா? ஐஸ் வேணாம்னு நம்ம ஃபார்ம்ல ஒரு கேள்வியே இல்லையே."

"அதைத்தான் சார் சொல்றேன்."

"கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில்? அடுத்த வாரம் முதலாளி இன்னும் ஐம்பது மெஷினுக்குக் கையெழுத்துப் போடறார். அதுக்கு வேண்டியது இருநூறு ஃபார்ம். வேணுகிட்ட இருக்கு."

"சார், தோட்டத்து ஆளுங்க, கட்டட வேலை ஆளுங்க, அவங்கதான் ஆறின டீ குடிக்கிறாங்க. இதே மெஷினை அவங்க ஊர் நாகர்கோவில் பக்கம் பஸ் ஸ்டாண்டுல வச்சு, சர்க்கரையைக் குறைச்சு, உப்புச் சேர்த்து..."

"நாகர்கோவிலா? போய்ப் பாத்தியா?"

"இல்ல சார்."

"திருவனந்தபுரத்துக்கு அனுப்பினா பாக்காத ஊரைப் பத்திப் பேசற. வேலை வேணும்னா நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வா."

போனை வைத்துவிட்டு எதிர்க் கடையில் பழம்பொரி தின்றேன். நேந்திரம்பழத்தை நீளமாகச் சீவி மாவில் தோய்த்துப் பொரித்தது. கோபத்தில் மூன்று தின்றுவிட்டேன். பிறகு டீ சொன்னேன். கடுப்பம் கூட்டி, மதுரம் குறைத்து, ஆற்றி. என் வாயிலிருந்து அப்படி வந்ததை வந்த பிறகுதான் கவனித்தேன். சொன்னபடியே வந்தது. இருபத்துமூன்று வருடமாக யாரோ கொடுத்த டீயைத்தான் குடித்திருக்கிறேன். ஐந்து நாளில் இந்த ஊர் என்னையும் கெடுத்துவிட்டது. இனி எண்ணிக்கை மட்டும் சொல்லி என்னால் டீ வாங்க முடியாது.

சனிக்கிழமை காலை வேணு பேனாவோடு வந்தார். மூடியைக் கழற்றியே நீட்டினார்.

"போட மாட்டேன் சார்."

"மோளே, இந்த ஊர்ல ஐஸ் டீ ஆரும் குடிக்கில்லன்னு எனக்கு அறியாமலா? உள்ளத எழுதினா மெஷினை எடுத்துட்டுப் போவாங்க. பின்னே அடுத்த கம்பெனி என்னைக் கூப்பிடுமோ? வேண்டியத எழுதிக் கொடுக்கறவன்தான் நிலைக்கும். நீ சின்ன குட்டி. உனக்கு நிலைக்கண்டாமா?"

"அந்த எழுபத்தெட்டு வயசு டீச்சர் யாரு சார்?"

அவர் தோல் பையின் வாரைச் சரிசெய்தார். "என்ட அம்மை. சாயாவே குடிக்க மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சிரித்தால் அந்த மனிதரைப் பிடித்துப்போய் கையெழுத்தும் போட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அம்மாவின் பெயரால் பொய் சொல்லத் துணிந்தவருக்கு என் பெயர் எம்மாத்திரம். பேனாவை வாங்கி, மூடித் திருப்பிக் கொடுத்தேன். அவர் தாள்களை அடுக்கிப் பையில் வைத்தார். "கெட்டிக்காரி. ஆனா கஷ்டப்படுவே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறையைப் பூட்டிக்கொண்டு அறிக்கை எழுதினேன். கம்பெனிக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். எனக்கு ஆங்கிலம் தடுமாறும். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினேன். எட்டுப் பக்கம். யார் எப்படிக் கேட்டார்கள், யார் கேட்காமல் குடித்தார்கள், எந்தக் கை எப்போது டம்ளரை மூடியது என்று எல்லாவற்றையும். செல்லத்தாயின் பெயரைப் போட்டேன், தொழில் கொழுந்து பறித்தல் என்று போட்டேன். நாகர்கோவிலைப் பற்றி எழுதிய வரியின் முன்னால் மட்டும் என் ஊகம் என்று சேர்த்தேன். போய்ப் பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் எனக்கும் வேணுவுக்கும் வித்தியாசம் இல்லை. நான் நிரப்பிய அறுபத்துமூன்று படிவங்களையும் சேர்த்துக் கட்டினேன். இதரர்களை நடுவில் வைத்தேன், உருவி எடுக்க முடியாதபடி.

மதியத்துக்கு முன் பதிவுத் தபாலில் முதலாளிக்கு அனுப்பினேன். அறிக்கையின் நகலைக் கோபிநாத் சாருக்கும் அனுப்பினேன். முதுகுக்குப் பின்னால் செய்தாள் என்று சொல்ல நான் யாருக்கும் இடம் கொடுப்பதில்லை. தபால் நிலைய வாசலில் நின்று பதிவு ரசீதை இரண்டு முறை படித்தேன். பயமில்லை என்று சொன்னால் அது இருநூற்று ஒன்றாவது பொய்ப் படிவம்.

ஊருக்குத் திரும்பும் ரயில் சனிக்கிழமை இரவு. நான் அதில் ஏறவில்லை.

இன்று ஞாயிறு. என் ஊகம் சரியா என்று பார்க்க நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் காலை ஏழரையிலிருந்து நிற்கிறேன். இயந்திரம் இல்லை. டீக்கடையில் கெஞ்சிப் பானையில் கட்டன் போட்டு ஆற வைத்து, உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். படிவம் நானே கோடு போட்டது. தொழில் என்ற இடத்தில் கட்டம் இல்லை. எழுதிக்கொள்ள ஒரு வரி விட்டிருக்கிறேன். பதினேழு பேர் முடிந்தது. மூன்று பேர் துப்பினார்கள், அதையும் எழுதியிருக்கிறேன். பதினெட்டாவது ஆள் சுமை இறக்கிவிட்டு முகம் கழுவிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஊற்றி வைத்துவிட்டேன்.